மொறிஸ் மைனரும் இரண்டு சட்டாம்பிள்ளைகளும்

(யாழ்ப்பாணம், கொக்குவிலில் கே.கே.எஸ். வீதியோரமாக உள்ள ஒரு கராஜ். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தமது 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை வாசலில் நிறுத்திவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறார். அங்கே வாகன மின்வேலை பார்ப்பவர் அவரிடம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர். ஐயாவைக் கண்டதும் மாணவரின் பேச்சு தானாகவே வகுப்பறைத் தமிழாகிவிடும். பிழைவிட்டால் வாங்கின் மேல் ஏறி நிற்கவேண்டி வருமோ என்ற பயம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.)

மாணவர்: வாருங்கள் ஐயா. காருக்கு என்ன வருத்தம்?

ஆசிரியர்: காருக்கு ஒன்றும் இல்லை, வருத்தம் எனக்கு. நேற்றிரவு சுன்னாகத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மருதனார்மடச் சந்தியைத் தாண்டியதும் ஹெட்லைற் இரண்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. குடைக்காம்பால் டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினேன், எரிந்தன. இணுவிலுக்கு வருவதற்குள் மறுபடியும் அணைந்தன, மறுபடியும் தட்டினேன். வீட்டுப் படலை வரையில் இப்படித் தட்டிக்கொண்டே வந்ததைப் பார்த்து, பின்னால் இருந்த என் மனைவி, "பென்சன் எடுத்து இருபது வருடமாகியும் உங்களுக்குக் கை ஓயவில்லை" என்றாள்.

மாணவர்: அணைவதற்கு முன் வெளிச்சம் மங்கியதா, ஐயா? சுவிச்சின் குமிழைத் தொட்டுப் பார்த்தீர்களா?

ஆசிரியர்: மங்கலுக்குப் பழகிவிட்டேன்; அதை முதுமையென்று நினைத்துக் கண் வைத்தியரிடமும் போய்வந்தேன். குமிழ் தோசைக்கல்லைப் போலச் சுட்டது.

மாணவர்: பல்ப் எப்போதாவது மாற்றினீர்களா?

ஆசிரியர்: அந்தக் கதையைக் கேளாதே. பட்டணத்தில் ஒரு கடைக்காரன் புதிய எல்.ஈ.டி. பல்ப் இரண்டை என் தலையில் கட்டினான். போட்டபோது மின்மினி அளவுகூட எரியவில்லை. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுபது வாற்று ஹலஜன் பல்ப்பும் அதற்கேற்ற லைற் கிண்ணமும் பொருத்தி வந்தேன்.

மாணவர்: எல்.ஈ.டி. எரியாததற்கு அந்தப் பல்ப்பைக் குறைசொல்ல முடியாது, ஐயா. இந்தக் காலத்துக் கார்களில் பற்றரியின் எதிர்முனையை உடலோடு இணைப்பார்கள். உங்கள் காரிலோ நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. எல்.ஈ.டி. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும். இழைப் பல்ப்புக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது எரியும்.

ஆசிரியர்: நேர் நிலத்தில் கால் ஊன்றிய கார் என்று சொல். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இந்த மொறிஸ் மைனர், தெரியுமா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, இரண்டு மூடி பெற்றோலில் கிளப்பி, மீதித் தூரம் முழுவதும் மண்ணெண்ணெயில் ஓட்டினேன். அப்போதுகூட இது என்னை இருட்டில் விடவில்லை.

மாணவர்: அப்போது இரவில் நீங்கள் காரை வெளியில் எடுக்கவே இல்லை, ஐயா.

ஆசிரியர்: குறுக்கே பேசாதே. மீற்றரை எடு.

(மாணவர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, லைற்றை எரியவிட்டபடி மீற்றரின் முனைகளை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்கிறார்.)

மாணவர்: பற்றரியில் 12.2 வோல்ற். சுவிச்சுக்குள் நுழையும் வயரில், அதாவது மண்ணிறத்தில் நீலக் கோடு போட்டதில், 12.1. சுவிச்சை விட்டு வெளியேறும் நீல வயரில் 9.9. இரண்டு வோல்ற்றுக்கு மேல் இந்தச் சுவிச்சே விழுங்கிவிடுகிறது, ஐயா.

ஆசிரியர்: விழுங்கி என்ன செய்கிறது?

மாணவர்: சூடாக்குகிறது. அறுபது வாற்றுப் பல்ப் இரண்டு என்றால் ஏறத்தாழப் பத்து அம்பியர் இதற்குள்ளால் ஓடவேண்டும். பத்து அம்பியர் ஓடும் இடத்தில் இரண்டு வோல்ற் தொலைந்தால், இருபது வாற்று வெப்பம் இந்தச் சிறிய கூட்டுக்குள்ளேயே அடைபடும். அது சூடேறினால் உள்ளேயிருக்கும் வில் தளரும். வில் தளர்ந்தால் தொடுகை விலகும். விலகினால் சூடு இன்னும் ஏறும். கடைசியில் தொடுகை முழுதாக விட்டுப்போய் லைற் அணையும். நீங்கள் தட்டும்போது அதிர்ச்சியில் மறுபடியும் தொடுகிறது.

ஆசிரியர்: கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்ததும் இதனால்தானா?

மாணவர்: ஆம். பல்ப்புக்குப் போகும் வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். கண் வைத்தியருக்குக் கொடுத்த காசை நீங்கள் இங்கே கொடுத்திருக்கலாம். இதோ பாருங்கள், உள்ளேயிருக்கும் பித்தளைத் தொடுகைகள் கருகிப் போயிருக்கின்றன. நீங்கள் படிப்பித்த புணர்ச்சி விகாரம் மூன்றையும் இங்கே காணலாம், ஐயா. வயரும் சுவிச்சும் புணரும் இடத்தில் தடை தோன்றியிருக்கிறது, பித்தளை நிறம் திரிந்திருக்கிறது, வெளிச்சம் கெட்டிருக்கிறது.

ஆசிரியர்: (நெகிழ்ந்து) தோன்றல், திரிதல், கெடுதல்! இதைப் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் நீ இப்போது கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருந்திருப்பாய்.

மாணவர்: அப்படியென்றால் உங்கள் காரை யார் பார்ப்பது? புதிய சுவிச் ஒன்று போட்டுவிடட்டுமா?

ஆசிரியர்: முடியவே முடியாது. இந்தக் கார் 1971இல் எனக்குச் சீதனமாக வந்தது. "கார் ஒன்று, சகல உறுப்புக்களுடனும்" என்று மாமனார் தம் கைப்பட எழுதிய பட்டியல் இன்றைக்கும் என் மனைவியின் அலுமாரிக்குள் இருக்கிறது. ஓர் உறுப்புக் குறைந்தாலும் கணக்குக் கேட்பாள்.

மாணவர்: அப்படியானால் இதையே கழற்றி, மெல்லிய எமரித் தாளால் தொடுகைகளைத் துடைத்து, வில்லை நிமிர்த்தி, சிறிது வசலீன் பூசி மாட்டுகிறேன். ஆனால் அதோடு விட்டால் அடுத்த வருடமும் நீங்கள் தட்டிக்கொண்டுதான் வருவீர்கள், ஐயா. சுமையைக் குறைக்கவேண்டும். ரிலே போடவேண்டும்.

ஆசிரியர்: அது என்ன?

மாணவர்: சட்டாம்பிள்ளை. நீங்கள் கதிரையில் இருந்தபடி "கொப்பிகளைக் கொண்டுவா" என்று ஒரு சொல்தான் சொல்வீர்கள். நாற்பது கொப்பிகளையும் சுமந்தவன் நான். இங்கே சுவிச் ஐயா, ரிலே சட்டாம்பிள்ளை. ரிலேயின் சுருளைக் கூப்பிட ஓர் அம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு போதும். பத்து அம்பியரும் பற்றரியிலிருந்து தடித்த வயரில் நேரே லைற்றுக்குப் போய்விடும், சுவிச் குளிர்ந்திருக்கும். அதன் கால்களில் இலக்கமும் அடித்திருக்கிறது. 30இல் பற்றரி, 87இல் லைற், கூப்பிடுவதற்கு 85உம் 86உம். இரண்டு ரிலே போடப் போகிறேன்: டிப்புக்கு, அதாவது தாழ்த்திய வெளிச்சத்துக்கு, ஒன்று; பெரிய வெளிச்சத்துக்கு ஒன்று.

ஆசிரியர்: ஒரே வகுப்பில் இரண்டு சட்டாம்பிள்ளைகளை வைத்தால் அடிபாடு வரும். எனக்கு அனுபவம் இருக்கிறது.

மாணவர்: வராது, ஐயா. உங்கள் இடது காலடியில் இருக்கும் டிப் சுவிச் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் கூப்பிடும். ஆனால் உள்ளே டயோட் வைத்த ரிலேயை நான் வாங்கமாட்டேன். டயோட்டும் எல்.ஈ.டி.யைப் போல மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும். உங்கள் கார் நேர்முனையில் நிற்பதால், அந்த வகை ரிலேயில் 85ஐயும் 86ஐயும் வழக்கம்போல் மாட்டினால், சட்டாம்பிள்ளை வாய் திறப்பதற்குள் கருகிவிடுவான். இன்னொன்று, பயப்படாமல் கேளுங்கள். உங்கள் ஹெட்லைற்றுக்குப் பியூஸ் இல்லை.

ஆசிரியர்: எரிந்து போய்விட்டதா?

மாணவர்: இருந்ததே இல்லை. பெட்டிக்குள் இருப்பவை இரண்டே பியூஸ்கள், அந்த இரண்டிலும் ஹெட்லைற் சேராது. வயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் புகைதான் வரும். பற்றரிக்குப் பக்கத்திலேயே பதினைந்து அம்பியரில் ஒன்று வைத்துவிடுகிறேன்.

ஆசிரியர்: இதைச் சீதனப் பட்டியலில் எழுதாமல் மறைத்திருக்கிறார் மாமனார்!

(மாலை மங்கும் நேரம். ஆசிரியர் குமிழை இழுக்கிறார். எதிர்மதிலில் ஒட்டியிருந்த கிழிந்த சுவரொட்டியின் சின்ன எழுத்துகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. அதிலுள்ள எழுத்துப்பிழைகளை அவர் எண்ணத் தொடங்குகிறார். மாணவர் இடையில் புகுந்து பில்லை நீட்டுகிறார். ஐயா சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கிறார்.)

ஆசிரியர்: இது என்ன, "விளக்கு சுவிச் திருத்திய கூலி"? விளக்கு என்பது வன்றொடர்க் குற்றியலுகரம். அதற்குப் பின் வல்லினம் வந்தால் மிகும் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "விளக்குச் சுவிச்". இடையில் ஒற்று எங்கே?

மாணவர்: அந்த இடத்தில் ஒற்று விட்டுப்போனதற்குத்தான் ஐயா இவ்வளவு கூலியும்.

ஆசிரியர்: (சிவப்பு மையால் "ச்" போட்டபடி) அப்படியானால் இந்த ஒற்றைப் போட்டவன் நான். கூலியில் பாதியைக் கழித்துக்கொள்.