ரேஸ் ஹேண்டில்பாரைக் கழற்றினால் மானம் போய்விடுமா?

ஆபீஸ் போகிற ரோடு பைக்கில், அதாவது ரேஸ் சைக்கிளில், வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு நேர் ஹேண்டில்பார் போட்டிருக்கிறேன். சைக்கிள் நண்பர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். "ஏன் ப்ரோ, நல்லாத்தானே இருந்துச்சு?"

இருந்தது, ஞாயிறு விடிகாலை ஈசிஆரில். கோவளம் பக்கம் கடற்காற்று முகத்தில் அறையும்போது குனிந்து ஓட்டுகிற சுகம் தனி. கையை நாலு விதமாக மாற்றிப் பிடிக்கலாம், நெடுந்தூரத்தில் மணிக்கட்டு பிழைக்கும். ஆனால் போரூரிலிருந்து கோடம்பாக்கம் வரைக்கும் ஆற்காடு ரோட்டில் எனக்கு எதிரி காற்றா? சட்டென்று ஓரங்கட்டும் ஷேர் ஆட்டோ, ராங் சைடில் போனைப் பார்த்தபடி வரும் ஸ்கூட்டர், மெட்ரோ வேலைத் தடுப்பு. இங்கே தலை நிமிர்ந்திருக்கணும், விரல் பிரேக்கிலேயே இருக்கணும். ரேஸ் பாரின் மேல்பக்கம் பிடித்தால் பிரேக் எட்டாது. லீவரின் அடிப்பகுதியை மூடியிருக்கும் ரப்பர் ஹூட்டில் பிடித்தால் எட்டும், ஆனால் லீவரின் மேல்முனையை அழுத்துவதால் பிடிமானம் குறைவு. கீழ்வளைவில் பிடித்தால் கச்சிதமாக நிற்கும். அப்புறம் முன்னால் போகிற பஸ்ஸின் பம்பரைத் தவிர எதுவும் தெரியாது.

நேர் பாருக்கும் வில்லங்கம் உண்டு. ரேஸ் பார் 42 செ.மீ. அகலம் என்றால் இது சாதாரணமாக 60 செ.மீ. தாண்டும். பைக்குகளுக்கு நடுவே நுழைகிற வித்தை பாதி போச்சு. இரண்டு முனையிலும் கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாம். கைப்பிடி கிரிப், பிரேக் லீவர், கியர் மாற்றும் ஷிஃப்டர் மூன்றும் உட்கார இடம் விட்டு அறுக்கணும்.

"பாரை மட்டும் மாத்தினா போதும் சார்" என்று மெக்கானிக் சொன்னால் நம்பாதீர்கள். லீவர் மாட்டுகிற இடத்தில் ரேஸ் பார் 23.8 மி.மீ., நேர் பார் 22.2 மி.மீ. பழைய லீவர் இதில் உட்காராது. புது லீவரிலும் ஒரு சூட்சுமம்: ரோடு பைக்கில் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பர் பிரேக்குக்குக் கேபிளைக் கொஞ்சமாக இழுக்கிற லீவர் வேண்டும். நீளக் கைகள் கொண்ட வி-பிரேக்குக்கான லீவர் அதிகம் இழுக்கும். அதை மாட்டினால் அழுத்தும்போது கெட்டியாக இருக்கும், நிறுத்துகிற பலம் மட்டும் இருக்காது. உயிர் சமாச்சாரம், இங்கே சிக்கனம் வேண்டாம். கியர் 8 அல்லது 9 ஸ்பீட் ஷிமானோ என்றால் பின்பக்கத்துக்கு எம்டிபி (மலை சைக்கிள்) ஷிஃப்டரே ஒத்துப்போகும். முன்பக்கத்துக்கு ஒத்துப்போகாது, நேர் பாருக்கென்றே வரும் ரோடு ஷிஃப்டரைத் தேடணும். பாரைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம் 31.8 மி.மீ. என்றால் பழையதே பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் ரோடு பைக் ஃபிரேமின் மேல்குழாய் குட்டை, கை முன்னால் ஹூட் வரை நீளும் என்ற கணக்கில் செய்தது. நேர் பார் போட்டதும் உடம்பு பின்னால் வந்து, சிலருக்கு இருப்பு நெருக்கமாகிவிடும். அவர்களுக்கு நீள ஸ்டெம்.

இன்னொரு விஷயம், பாரை மாற்றாதவர்களுக்கும் சேர்த்து: பாரில் சுற்றியிருக்கும் டேப்பை அவிழ்த்துப் பாருங்கள். நம்ம ஊர் வியர்வை உப்பு டேப்புக்குள் இறங்கி அலுமினியத்தை அரிக்கும். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் துடைத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அந்தப் பாரில் இனி ஓட்டாதீர்கள்.

11 ஸ்பீட், ஹைட்ராலிக் டிஸ்க் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்) வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்காமலிருப்பது நல்லது. லீவர், ஷிஃப்டர், ஹோஸ் எல்லாம் புதுசு வாங்குகிற காசோடு கொஞ்சம் சேர்த்தால் நேர் பாரோடே வரும் ஹைப்ரிட் சைக்கிள் செகண்ட் ஹேண்டில் வந்துவிடும். கேபிள் பிரேக்தான், மேல்பக்கம் பிடித்தால் எட்டாததுதான் குறை என்றால் பாரையே தொட வேண்டாம். மேல்பக்கமே மாட்டுகிற குட்டி பிரேக் லீவர் தனியாக வருகிறது. பழைய கேபிளின் நடுவிலேயே கோத்துவிடலாம், கியர் பக்கம் கைவைக்கத் தேவையில்லை.