ஆன்சன் ஒருவர் மட்டும் செய்த வேலையா அது?

ஏப்ரல் 15 வந்தால் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் எல்லா வீரர்களும் 42 என்ற ஒரே எண் போட்ட சட்டையோடு களம் இறங்குவார்கள். 1947இல் அந்தத் தேதியில்தான் 42ஆம் எண் போட்ட கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். நல்ல மரியாதைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வரும் பதிவுகளில் பாதியைப் படித்தால், அதற்கு முன்னால் கறுப்பினத்தவர் யாரும் வெள்ளையரோடு ஒரே அணியில் ஆடியதே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆடினார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களைத்தான் பிடித்து வெளியே தள்ளினார்கள். அந்தப் பழியை எல்லோரும் கேப் ஆன்சன் என்ற ஒரே ஒரு கேப்டன் மீது போடுகிறார்கள். அது சரியா என்பதுதான் என் கேள்வி.

பட் ஃபௌலர் 1878லேயே சம்பளத்துக்கு ஆடியவர். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884இல் டொலிடோ அணிக்காக, அன்று மேஜர் லீக் அந்தஸ்தில் இருந்த அமெரிக்கன் அசோசியேஷனில் 42 ஆட்டங்கள் ஆடினார். (ராபின்சனின் சட்டை எண்ணும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.) அவருடைய தம்பி வெல்டியும் அதே வருடம் அதே அணியில் சில ஆட்டங்கள் ஆடினார்.

வாக்கர் ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். அவர் வேலை கேட்சர். நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு விக்கெட் கீப்பர் என்றால் புரியும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது: அடுத்து என்ன பந்து வர வேண்டும் என்று கேட்சர்தான் விரலால் சைகை காட்டுவார். பந்து வீசுபவரான பிட்சர் அதன்படி போட்டால்தான் பிடிப்பவர் கை தப்பும். இன்றைக்கு இருக்கும் தடித்த கையுறை அன்று கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டொலிடோவின் பிட்சர் டோனி முல்லேன். அவரே பல வருடம் கழித்து, 1919இல், ஒரு பத்திரிகையிடம் இதைச் சொன்னார்: தான் சேர்ந்து ஆடியவர்களில் வாக்கர்தான் சிறந்த கேட்சர், ஆனால் கறுப்பினத்தவரைத் தனக்குப் பிடிக்காது, அதனால் அவர் காட்டும் சைகையைப் பார்க்காமலே இஷ்டத்துக்குப் பந்து போடுவேன் என்று. ஒருநாள் வாக்கர் வளைந்து வரும் பந்து கேட்க, இவர் வேகப்பந்தை வீசியிருக்கிறார். வாக்கர் பிடித்துவிட்டார். பிடித்துவிட்டு நேராக இவரிடம் வந்து, சைகையே இல்லாமல் வேண்டுமானாலும் பிடிக்கிறேன், ஆனால் நான் ஒன்று காட்டி நீ வேறொன்று போடுவதாக இருந்தால் பிடிக்க மாட்டேன் என்றாராம். அந்த சீசனின் மிச்ச நாள் முழுக்க, என்ன வருகிறது என்று தெரியாமலே எல்லாப் பந்தையும் பிடித்தார். முல்லேன் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குப் படிக்கும்போது விரல்கள்தான் கூசின.

சரி, ஆன்சனுக்கு வருகிறேன். இந்தக் கதையில் வில்லன் என்று எல்லோரும் கைகாட்டும் ஆள், சிகாகோ வைட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் கேப்டன் கேப் ஆன்சன். வில்லன்தான், சந்தேகமில்லை. 1888-89இல் உலகம் சுற்றி ஆடிக்காட்டப் போனபோது, கிளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பினப் பையனை அணிக்கு அதிர்ஷ்ட பொம்மை மாதிரி கூட்டிக்கொண்டு திரிந்த கூட்டம் அது. ஆனால் பழி மொத்தத்தையும் அவர் தலையில் கட்டிவிடுவது மற்றவர்களுக்கு மிகவும் வசதியான ஏற்பாடு என்பது என் கருத்து. அதற்கு இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

1883 ஆகஸ்ட் 10. சிகாகோ அணி டொலிடோவுக்கு வருகிறது. வாக்கர் இறங்கினால் நாங்கள் ஆட மாட்டோம் என்கிறார் ஆன்சன். வேடிக்கை என்னவென்றால், கையில் அடி காரணமாக வாக்கருக்கு அன்று ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தது. டொலிடோ மேனேஜர் சார்லி மார்ட்டன் கடுப்பாகி, அவரை வேண்டுமென்றே ரைட் ஃபீல்டில் (மைதானத்தின் வலதுபுறத் தொலைவில் ஃபீல்டிங் செய்யும் இடம்) இறக்கினார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் உங்கள் பங்கு போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். ஆன்சன் என்ன செய்தார்? ஆடினார். திட்டிக்கொண்டே ஆடினார்.

1887 ஜூலை 14. இப்போது நியூவர்க். வாக்கர் அதற்குள் அந்த அணிக்கு வந்திருந்தார். அங்கே ஜார்ஜ் ஸ்டோவி பிட்சர், வாக்கர் கேட்சர், இருவருமே கறுப்பினத்தவர். ஸ்டோவி அந்த சீசனில் 30க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்தவர். ஆன்சன் அதே பழைய மிரட்டலைத்தான் விடுத்தார். இந்த முறை யாரும் வசூலைக் காட்டி மடக்கவில்லை. ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி இருவரையும் உட்கார வைத்துவிட்டார்கள். ஆளும் அதே ஆள், வெறுப்பும் அதே வெறுப்பு. மாறியது எதிரில் நின்றவர்கள்தான்.

அதே நாளில் பஃபலோ நகரத்தில், நியூவர்க் ஆடிவந்த இன்டர்நேஷனல் லீக்கின் நிர்வாகிகள் கூடினார்கள். இனிமேல் கறுப்பின வீரர்களுக்குப் புது ஒப்பந்தம் கிடையாது என்று 6க்கு 4 ஓட்டில் முடிவெடுத்தார்கள். அந்த அறையில் ஆன்சனுக்கு ஓட்டு இல்லை, அவர் அந்த லீக்கைச் சேர்ந்தவரே இல்லை. எதிர்த்து ஓட்டுப் போட்ட நான்கு அணிகளிலும் கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். ஆதரித்த ஆறில் ஒன்று பிங்கம்டன். அங்கே வெள்ளை வீரர்கள் சேர்ந்து தந்தியடித்து வேலைநிறுத்தம் என்று மிரட்டியதால் சில நாட்களுக்கு முன்புதான் ஃபௌலரை வெளியே அனுப்பியிருந்தார்கள். ஃபௌலர் அப்போது .350 சராசரியில், அதாவது நூறு முறை அடிக்க நின்றால் சுமார் 35 முறை வெற்றிகரமாக, அடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் 5க்கு 5. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

சக வீரர்களின் கதை இன்னும் கேவலம். சிரக்யூஸ் அணியில் ராபர்ட் ஹிக்கின்ஸ் பந்து வீசியபோது, அவரைத் தோற்கடிக்க அவருடைய சொந்த அணிக்காரர்களே பிடிக்க வேண்டிய பந்துகளை விட்டார்கள். டொரான்டோவிடம் 28-8 என்று தோற்றார்கள். அணி போட்டோவில் அவரோடு உட்கார மறுத்தவரும் உண்டு. பஃபலோவில் ஃபிராங்க் கிராண்ட் மூன்று சீசன்களிலும் .340க்கு மேல் அடித்தவர். இரண்டாம் பேஸில் நின்ற அவர் காலில் ஷூ ஆணியைப் பாய்ச்சவே எதிரணி வீரர்கள் குறிவைத்து ஓடிவந்தார்கள். அவர் முழங்காலுக்குக் கீழே மரத்தில் தடுப்புச் செய்து கட்டிக்கொண்டு ஆட வேண்டியிருந்தது.

வாக்கர் 1889 வரை சிரக்யூஸில் தாக்குப்பிடித்தார். அவருக்குப் பிறகு இன்டர்நேஷனல் லீக்கில் அடுத்த கறுப்பின வீரர் 1946இல் மாண்ட்ரியல் அணிக்கு வந்த ஜாக்கி ராபின்சன்தான். மேஜர் லீக்குகளில் அச்சடித்த சட்டம் கிடையாது, எல்லாம் வாய்வழி ஒப்பந்தம். கேட்டால் அப்படி ஒரு தடையே இல்லையே என்பார்கள்.

ஆன்சனை 1939லேயே பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டார்கள். கிராண்ட் 2006இல்தான் உள்ளே வந்தார், ஃபௌலர் 2022இல். வாக்கர் இன்னும் இல்லை. ஆன்சனின் பலகையைக் கழற்றச் சொல்லி அவ்வப்போது குரல் வரும். எனக்கு அதில் ஆர்வமில்லை. கழற்றிவிட்டால் மற்ற எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாக்கரைச் சேர்க்கச் சொன்னால், வீரராக நுழைய 10 சீசன் ஆடியிருக்க வேண்டும் என்று விதியைக் காட்டுவார்கள். அந்தப் பத்து சீசனை ஆடவிடாதது யார்? பெரும்பாலும் சிறிய லீக்குகளிலேயே காலம் கழித்த ஃபௌலருக்கு 2022இல் ஒரு வழி கண்டுபிடித்தவர்கள், வாக்கருக்கும் கண்டுபிடிக்கட்டும்.