சுங்கை சிப்புட்டின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கோயில் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பேச்சு கட்டாயம் வந்துவிடுகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நம் பண்பாடே தெரியவில்லை. பேசுவதில் பாதி மலாய், மீதி இங்கிலீஷ். அடையாளத்தைத் தொலைத்துவிட்டார்கள்." சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையான கவலை இருக்கிறது. ஆனால் பல வருடங்களாக மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்த சுங்கை சிப்புட் ஊரில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தி வருகிற எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. மலாய் கலந்து பேசுவதால் எந்தப் பிள்ளையும் தன்னைத் தொலைத்து நான் பார்த்ததில்லை. தான் பிறந்து வளர்ந்த ஊரின் கதை தெரியாததால் வாயடைத்து நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாம் என்ன சொல்லித் தருகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராஜேந்திர சோழன் கப்பல் படையோடு வந்து கடாரம் வென்றான் என்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில், திருக்குறள், கீழடி என்று அடுக்குகிறோம். எல்லாம் நமக்குப் பெருமைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தப் பிள்ளை தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. திடலில் பந்து விளையாடும்போது ஏதோ தகராறு. எதிரில் இருக்கிறவன் "பாலிக் இந்தியா" (இந்தியாவுக்கே திரும்பிப் போ) என்று கத்துகிறான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழனை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? உன் வேர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நாமே சொல்லி வளர்த்திருக்கிறோம். திட்டுகிறவனும் அதையேதானே சொல்கிறான்!

சொல்ல வேண்டிய கதை நம் காலடியிலேயே கிடக்கிறது. கோலகங்சார் இங்கிருந்து மோட்டாரில் போய் வரும் தூரம்தான். 1877இல் இந்த வட்டாரத்துக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை ஹியூ லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கேதான் நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நட்டவர் யார் என்று சொல்கிறோம். அதற்குப் பிறகு காட்டை அழித்து, மலேரியாவில் செத்து, விடியலுக்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இலட்சக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவர்கள் யார் என்பதையும் அதே இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டாமா?

தோட்டத்து மேற்பார்வையாளர்களான கங்காணிமார்கள் தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள் சேர்ப்பை நிறுத்தியது. ஆகவே தோட்டத்து வழி வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே இங்கே கால் ஊன்றியவை. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நான்காவது, ஐந்தாவது தலைமுறை. 1942, 43இல் ஜப்பானியர்கள் தோட்டத்து ஆட்களை லோரி லோரியாக ஏற்றி சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். போர்க் கைதிகளாக இருந்து இறந்த வெள்ளைக்கார வீரர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. பல குடும்பங்களில் "தாத்தா சயாமுக்குப் போனார், வரவில்லை" என்ற ஒரே வரிதான் மிச்சம். அந்த ஒரு வரியையாவது பேரப்பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோமா?

இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளில் 'டாருராட்' பற்றி, அதாவது கம்யூனிஸ்டு கிளர்ச்சிக் காலத்து அவசரகாலம் பற்றிப் பிள்ளைகள் அழகாக எழுதுகிறார்கள். 1948 ஜூன் 16 என்ற தேதியும் தெரியும். அன்றைக்கு மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டங்கள் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்கள், 1960 வரை நீண்ட அவசரகாலம் அந்த நாளில் இங்கேதான் தொடங்கியது என்று சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். "நம்ம ஊரா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்ட விதம் எனக்கு மறக்காது. புத்தகத்தில் எங்கோ நடந்ததாகப் படித்தது தன் பாட்டி வாழ்ந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பக்கத்தில் நடந்தது என்று தெரிந்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில் சாலை இருக்கிறது என்ற அளவில்தான் இளையவர்களுக்குத் தெரியும். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அதை எதிர்கொள்ளத்தான் அவர் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நாள் சம்பளத்துக்குப் பால் வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். இதைவிடப் பெரிய பண்பாட்டுப் பாடம் ஒன்றை யாராவது எனக்குக் காட்டட்டும்.

வலிக்கிற பகுதியையும் மறைக்கக் கூடாது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் தேவைப்பட்டது. அது கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே வளர்ந்தவர்கள், பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். திடலில் கேட்கிற அந்த வசைக்குப் பின்னால் உண்மையாக நடந்த ஒரு துரத்தல் இருக்கிறது. அது தெரிந்த பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வராது. அடிக்கவும் பாயாது. பேசத் தெரிந்த பிள்ளையாக நிற்கும்.

சரி, பண்பாடு தெரியவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் இளைஞர்களின் உருமி மேளக் குழுக்களைப் பாருங்கள். தோட்டத்து முனியாண்டி கோயிலிலும் காளியம்மன் கோயிலிலும் பெரியவர்கள் வாசித்த வாத்தியம் அது. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறிப்போன பிறகும் உருமி சாகவில்லை. யார் காப்பாற்றினார்கள்? பகலில் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இரவில் கார் நிறுத்துமிடத்தில் கூடிப் பழகுகிற இருபது வயதுப் பையன்கள்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை வரவழைப்பது சுலபமில்லை, கை காய்த்துப்போகும். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அவர்கள் வாசிக்கும்போது தெருவில் நிற்கிற சீன வியாபாரிகளின் பிள்ளைகள்கூட தாளம் போடுகிறார்கள். நாமோ அந்தப் பையன்களின் முடியையும் உடையையும் பார்த்து 'ரௌடிப் பசங்கள்' என்று ஒதுக்குகிறோம். சினிமாப் பாட்டு வேண்டாம், கோயிலில் ஒழுங்கு வேண்டும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. அதை அந்தப் பையன்களை ஒதுக்கி வைத்துத்தான் சொல்ல வேண்டுமா? பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, "தம்பி, உன் தாத்தா காலத்தில் இந்தத் தாளம் எப்போது வாசிப்பார்கள் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் கேட்க மாட்டார்களா?

இன்னொரு பக்கத்திலிருந்து, தமிழ்ப்பள்ளிதான் இன ஒற்றுமையைக் கெடுக்கிறது என்கிறார்கள். தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று வழக்கே போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் முரண் இல்லை என்று தீர்ப்பளித்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாய் நண்பன் வீட்டில் ஹரி ராயா ரெண்டாங் சாப்பிடுகிறார்கள், ஜாலோங் பக்கத்துத் தெமியார் என்கிற பூர்வகுடிப் பிள்ளைகளோடு ஒரே அணியில் பந்து ஆடுகிறார்கள். தெமியார் மக்கள் நம் எல்லாரையும்விட முன்னால் இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்கள். இந்த ஊரின் கதை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும், அதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இன்றைக்குச் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்து, நம் பாட்டன்மார் இருந்தது போன்ற குடியிருப்பில் இருக்கிறார்கள். அவர்களை 'பங்களா' என்று ஏளனமாகக் கூப்பிடுகிற பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. கேட்கும்போது எனக்குக் கூசுகிறது. நம்மை எப்படி அழைத்தார்கள் என்பதை மறந்தவர்களால்தான் அப்படி அழைக்க முடியும். தன் கொள்ளுத்தாத்தா எப்படி வந்தார் என்று தெரிந்த பிள்ளையின் வாயில் அந்தச் சொல் வராது என்று நம்புகிறேன்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி, தாத்தா, பெரியம்மா யாராவது தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து பேச வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், லயத்தில் எத்தனையாவது வீடு, கங்காணி யார், கிராணி (தோட்டத்து எழுத்தர்) யார், கோயில் திருவிழா எந்த மாதம், ஜப்பான் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கேட்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தால் இன்னும் நல்லது. பழைய சம்பளச் சீட்டு, கப்பல் பயணச் சீட்டு, தோட்டத்துப் பள்ளிப் படம், திருவிழா அழைப்பிதழ் எது இருந்தாலும் படம் பிடித்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள், தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். தோட்டம் வாரியாகப் பிரித்து என் மாணவர்களோடு சேர்ந்து தொகுத்து வைக்கிறேன். பழைய அடையாள அட்டையைப் போடுகிறவர்கள் எண்ணை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.