ஆப்பிரிக்காவுக்கே போவோம், அண்ணாச்சி

என் மாத்திரைப் பதிவுக்கு வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். "ஆப்பிரிக்காவில் இதுகூடக் கிடையாது, ஓசியில் வாங்குகிறவர்களுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்லை" என்றார் ஒரு அண்ணாச்சி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நான் கேட்டது ஒன்றுதான். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரையும் சீனி வியாதி மாத்திரையும் தீர்ந்துபோகக் கூடாது. புதுக் கட்டடமோ ஏசியோ நான் கேட்கவில்லை.

சரி, ஆப்பிரிக்காவுக்கே போவோம். ருவாண்டாவில் மாவட்ட மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே இன்சுலின் போடும் பிள்ளைகளையும் இதய நோயாளிகளையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். மலாவியில் நேனோ என்று ஒரு மாவட்டம். எச்ஐவி நோயாளிகளுக்காக உண்டாக்கி வைத்திருந்த பதிவேடு, அடுத்த தேதி, வராதவரை வீடு தேடிப் போய் விசாரிப்பது எல்லாவற்றையும் அப்படியே பிரஷர், சீனி, ஆஸ்துமா, வலிப்பு நோயாளிகளுக்கும் விரித்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் டோகோ நாட்டு லோமே நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகள் கூடி, இந்த மாதிரிச் சிகிச்சையை மாவட்ட மருத்துவமனை வரைக்கும் கொண்டுபோக 'பென்-பிளஸ்' என்ற திட்டத்தை ஏற்றுக்கொண்டன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இன்சுலின் கிடைக்காத பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைக் குறை என்று ஒப்புக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்கள். நாம்தான் அவர்களைக் காட்டி நம் வாயை அடைக்கிறோம்.

நம் நிலையங்கள் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் என்று எழுந்தவை. வந்தோம், ஊசி போட்டோம், போனோம். பிரஷருக்கு அந்தப் 'போனோம்' கிடையாது. சாகிற வரைக்கும் வர வேண்டும். அதற்கு இயந்திரத்தை விட இருப்புக் கணக்கு முக்கியம். தீர்வதற்கு முன்னாலேயே கேட்டு எழுதுகிற ஒரு ஆள் முக்கியம். பிரஷருக்குத் தருகிற அம்லோடிபின் என்ன தங்கபஸ்பமா? காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவு மாத்திரை.

எங்கள் அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றியவள். மாத்திரை வாங்கப் போனால் அரை நாள் சுற்று போய்விடும், கட்டு குறைந்தால் கூலியும் குறையும். அப்படிப் போயும் ஒரு தடவை மாத்திரை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "ஏட்டி, மாத்திரை வரலையாம்லா. இருக்கறத ஒருநா விட்டு ஒருநா போட்டுக்கிடுதேன்" என்றாள் போனில். அப்புறம் ஒரு விடியற்காலையில் கை கால் இழுத்துக்கொண்டது. திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாத்திரை விட்டதால்தான் என்று யாரும் எழுதித் தரவில்லை. வலது கையில் கத்தரி நிற்கவில்லை, பீடித்தட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டாயிற்று.

இதற்கும் "வாயைக் கட்டணும், அல்வா தின்னா சீனி வரத்தான் செய்யும்" என்று ஒருவர் உபதேசம். ஐயா, திருநெல்வேலி என்றாலே அல்வாதானா? எங்கள் வீட்டில் அல்வா வாங்கியது விருந்தாளிக்கு. இன்னொருவர் நர்ஸ்களைத் திட்டாதே என்கிறார். திட்டவே இல்லை! பிரசவம், தடுப்பூசி, கணக்கு எழுதுவது என்று எல்லாவற்றையும் அவர்கள் தலையில்தானே ஏற்றுகிறோம்? சீனிக்கும் பிரஷருக்கும் கூட ஆள் போடச் சொல்கிறேன். கட்சிக்காரி என்பவர்களுக்கு: 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது இதே பக்கத்தில் பாராட்டி எழுதினேன், உருட்டிப் பாருங்கள். வீட்டுக்கே வரட்டும், நல்லதுதான். வருகிற பையில் மாத்திரை இருக்க வேண்டாமா?

நிதி இல்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை. பிரஷரையும் சீனியையும் கவனிக்காமல் விட்டுக் கிட்னி கெட்ட பிறகு டயாலிசிஸுக்கு மட்டும் நிதி எங்கிருந்து வருகிறதாம்?

ஆனால் அந்த 'ஓசி'தான் தொண்டையில் நிற்கிறது. அம்மா சுற்றிய பீடிக்கு வரி உண்டு. அவள் வாங்கிய சோப்புக்கும் உண்டு. வாழ்நாள் முழுக்கக் கொடுத்துவிட்டு ஒரு அட்டை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவள் ஓசி, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்கிறவர் கனவானா? இத்தனை படித்தும் இப்படித்தான் பேச வருமா உங்களுக்கு?

அக்டோபர் 2 கிராம சபையில் மாத்திரை இருப்புக் கணக்கை ஊர் முன்னால் வாசிக்கச் சொல்லி மனு கொடுக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். அண்ணாச்சியும் வரலாம், பேனா நானே தருகிறேன்.