கணவாயை அடைச்சுப் பாருங்க

புதுசா அறிபுனை, அதான் சயின்ஸ் ஃபிக்ஷன், எழுதறவங்க கதைல அஞ்சாறு அதிசயம் ஒண்ணா வந்து குவிஞ்சுருது. பறக்கற காரு, பேசற ரோபோ, கால இயந்திரம், போதாக்குறைக்கு வேற்றுக்கிரகவாசி. ஒண்ணு போதுங்க. அந்த ஒண்ணைத் தொரத்திக்கிட்டே போறதுதான் வேலை.

பாலக்காட்டுக் கணவாய் ஒரு நாள் அடைபட்டுப் போச்சுன்னு வச்சுக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கற வாசல் அது. கேரளாவுக்குப் போற ரயிலும் ரோடும் போச்சுன்னு முதல் சுத்துல எல்லாருக்கும் தோணும். ரெண்டாவது சுத்துல அந்தக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து நிக்குது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காத்தாடியெல்லாம் சும்மா நிக்குது. அதை நம்பிக் கரண்டு எடுத்துக்கிட்டிருந்த நூல் மில்லுக்குச் செலவு ஏறுது, திருப்பூர்ல பனியன் ஆர்டருக்குச் சொன்ன விலை கட்டுபடியாகல.

மூணாவது சுத்துலதான் ஆளுக வர்றாங்க. காத்தாடிக்கு நிலம் வித்த அண்ணன், விக்காத தம்பி. கேரள எல்லையில வாளையார்ல லாரிக்காரங்களை நம்பி இட்லிக்கடை போட்டவங்க. நட்டம் யாருக்குன்னுதான் முக்கால்வாசிப் பேரு எழுதறாங்க. லாபம் யாருக்குன்னு கேளுங்க. ஜெனரேட்டர் வாடகைக்கு விடறவர் ஒருத்தர் வருவார். கணவாய் மறுபடி திறக்கக் கூடாதுன்னு அவர் உள்ளுக்குள்ள வேண்டிக்குவார். கதை அங்க சூடு பிடிக்கும்.

தப்பு நடக்கறது பெரும்பாலும் மழையிலதான். கணவாயை அடைச்ச அடுத்த பக்கத்துலயே கோயமுத்தூர் பாலைவனம் ஆயிருச்சுன்னு எழுதினா உள்ளூர்க்காரர் சிரிச்சுருவார். இங்க பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவத்துல, அது கிழக்க இருந்து வர்றது, கணவாயை நம்பி இல்ல. வேளாண் பல்கலைக்கழகத்துலயே காலநிலைக்குன்னு தனி ஆராய்ச்சி மையம் இருக்கு. எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.

அடுத்தது விளக்கவுரை வியாதி. "2090ல தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று அரசு ஆணையிட்டது." இது அரசிதழ், கதையில்ல. இப்படி எழுதிப் பாருங்க: "வீட்டுக்கு வந்த ஓரம்பரைக்குச் சொம்புத் தண்ணி கொண்டாந்து வச்சா. அவங்க குடிக்கல. கொண்டு வந்த பாட்டில்ல ஊத்தி மூடி, பையில வச்சுக்கிட்டு, அப்புறம்தான் கல்யாணப் பேச்சை எடுத்தாங்க." ஆணையும் அளவும் வேண்டாம், பஞ்சம் புரிஞ்சுரும். திருத்தும்போது விளக்கற வரியெல்லாம் பென்சில்ல கோடு போடுங்க. அதுக இல்லாமப் படிச்சும் கதை ஓடுச்சுன்னா எடுத்துருங்க. ஓடலைன்னா, அந்தச் சேதி யாருக்கு அவசரமாத் தேவையோ அவர் கையில குடுங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதையே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வைக்காதீங்க.

எந்திரத்துக்குப் பேரு வைக்கறதுலயும் ஆடம்பரம் வேண்டாம். காத்தாலையை நம்ம சனம் காத்தாடின்னுதான் சொல்லுது. 2090லயும் அப்படித்தான் எதையாவது சுருக்கிக் கூப்பிடும்.

விண்வெளிக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. செவ்வாய்க்குச் சிக்னல் போகக் கிட்ட இருக்கும்போது 3 நிமிஷம், தூரத்துல இருக்கும்போது 22 நிமிஷம். அப்ப "சாப்ட்டீங்களா"ன்னு கேட்டா பதில் வர 6ல இருந்து 44 நிமிஷம் ஆகும். நம்ம பேச்சுல பாதி "அப்புறமுங்க", "சரிங்க"தான், அது அங்க செல்லாது. அதனால போன் பேச்சு மாதிரி வசனம் எழுதாதீங்க, கடுதாசி மாதிரி மொத்தமாச் சொல்ல விடுங்க. கோவத்துல சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு அனுப்பும்போது, அந்த வார்த்தைக்கான பதில் எதிர்க்க வந்துக்கிட்டிருக்கும். இந்தத் தாமதத்தைச் சங்கடமா நினைச்சு "அதிவேக அலைபரப்பி"ன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சுத் தப்பிச்சுக்கறாங்க பாருங்க, அங்கதான் நல்ல சண்டைக்காட்சி ஒண்ணு வீணாப் போகுது.

இன்னொண்ணு. சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல சூரியன் வந்துரும். இப்பவே அங்க இருக்கற ஊர்திகளுக்குக் கட்டளை அனுப்பறதைக் கிட்டத்தட்ட ரெண்டு வாரம் நிறுத்தி வைக்கறாங்க. மாரியாத்தா நோம்பி அந்த ரெண்டு வாரத்துல விழுந்து, கம்பம் நட்டு நோம்பி ஆரம்பிச்ச செய்தி வரைக்கும்தான் அங்க இருக்கற பையனுக்குக் கிடைச்சுதுன்னா? அதை யாராவது எழுதுங்க.