பாகுப் பதம் பார்த்த விரல்கள்

எங்கள் பெரியப்பா இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு இனிப்புக்கடை அடுப்படியில் 31 வருஷம் நின்றவர். கொதிக்கிற சீனிப்பாகில் ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்ப்பார். ஒரு கம்பி நின்றால் "ம்… பூந்தியைக் கொட்டு" என்பார். அந்த இரண்டு விரல் நுனியிலும் ரேகையே இருக்காது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் மாமூட்டை மேல்தான் தூக்கம்.

இடுப்பு விழுந்து அவர் நின்றபோது முதலாளி ஒரு சாரமும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி ஒரு மாதம்கூடக் கட்டியிருக்கவில்லை.

கடையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்டியாக வேண்டும். 1958 ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆளின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆனால் வேலையை விட்டு நிற்கும்போது கிடைக்கிற சேவைக்காலப் பணத்துக்கான 1983 சட்டம் 15 பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான். நம் டவுன்களில் எத்தனை இனிப்புக்கடைகளில் 15 பேர் இருக்கிறார்கள்?

தேயிலைத் தோட்டத்தில் இருந்திருந்தால் மரண உதவிச் சங்கமாவது இருந்திருக்கும். தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டு டவுனுக்கு இறங்கியவருக்கு அதுவும் இல்லை. பெரியப்பா செத்தபோது சவப்பெட்டிக்கான காசு, அப்பா பேரில் வாங்கிய கடன்.

பிரிட்டனில் மளிகைக்கடை ஆட்களுக்காக 1857 இலேயே ஒரு நலநிதி தொடங்கிவிட்டார்கள். மிட்டாய்த் தொழிலுக்கும் தனியாக ஒன்று இருந்தது. பிறகு அதுவும் இதோடு சேர்ந்து, இன்று குரோசரி எய்ட் என்ற பெயரில் நடக்கிறது. தொழிற்சாலையில் நின்றவரும் கேட்கலாம், கடையில் விற்றவரும் கேட்கலாம். யோர்க் நகரத்துச் சொக்லேட் முதலாளி ஜோசப் ரவுன்ட்ரீ 1904 இல் மூன்று அறக்கட்டளைகள் வைத்தார், 1906 இல் தன் தொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார். வெளியே தெரிகிற கஷ்டத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதாது, அதன் காரணத்தைத் தேடவேண்டும் என்று எழுதியும் வைத்தார். (அவர்களுக்குக் கொக்கோ பறித்துக் கொடுத்தவர்களுக்கு இதில் என்ன பங்கு என்று, தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.)

நமக்கும் அப்படி ஒரு நிதி வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை கடைக்காரர்கள் தீபாவளி மாதம் விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்து ரூபாய் ஒதுக்கட்டும். தோட்டத்துச் சனம் முற்பணம் வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்று வாங்குகிற இனிப்பு அது. வங்கிக் கணக்கில் கையெழுத்து போடுகிறவர்களில் ஒருவர் அடுப்படி ஆளாக இருக்கவேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலாளிமார் மட்டும் வைத்திருந்தால் அது பிச்சைக்காசாகிவிடும்.

போன வாரம் ஒரு முதலாளியிடம் பேசினேன். நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, இதுக்கு நான் தர்றேன். ஈ.பி.எஃப். மட்டும் கேக்காதீங்க" என்றார்.

"அது வேற, இது வேற முதலாளி. ரெண்டும் வேணும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச்சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை கடைச் சிப்பந்திகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.