சான்றிதழுக்காக வந்தால்தான் என்ன?

மாணவர் சேவை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். இன்றைய மாணவர்கள் சான்றிதழுக்காகவும் செல்ஃபிக்காகவும்தான் சேவைக்கு வருகிறார்கள், செல்போனும் கையுமாகவே இருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். வரட்டுமே! 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்திலேயே (என்.எஸ்.எஸ்.) இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்காக வருகிற பிள்ளைகளில் சிலர், அது முடிந்த பிறகும் போக மாட்டேன் என்கிறார்கள். ஒரு கல்லூரியில் இவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பவன் நான். என் நம்பிக்கை அந்தச் சிலர்மேல்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குச் சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியாமல் நின்றது. எங்கள் பிள்ளைகள் எடுத்தவுடன் பழைய துணி சேர்க்கக் கிளம்பினார்கள். "யாருக்கு என்ன வேணும்னு முதல்ல கேளுங்கப்பா" என்றேன். என் பங்கு அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன பெரியவர்கள் யார், குழந்தைக்குப் பால் பவுடர் இல்லாத வீடு எது என்று தெருவாரியாக விசாரித்து அவர்களே பட்டியல் போட்டார்கள். எல்லாம் கட்டுரையாளர் திட்டுகிற அதே செல்போனில்தான்!

அப்புறம், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை என்கிற கடல் ஆமையின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுசேர்க்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. அங்கே மூத்தவர்கள்தான் புதியவர்களைப் பழக்குகிறார்கள். என்னைப் போன்ற நரைத்த தலைகள் இல்லாமலும் வேலை நடக்கும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரவெல்லாம் நடந்த பிள்ளை முதல் வகுப்புக்குத் தாமதமாக வந்தால் ஆப்சென்ட் போடாதீர்கள்.